சைட் ட்ரம் அடித்த நண்பன்

நம் பாடசாலையின் மேற்கத்தேய வாத்தியக் குழுவில் சைட் ட்ரம் அடித்த என் வகுப்புத் தோழனை எங்கள் காலத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இல்ல விளையாட்டுப் போட்டி அணிநடையில் அவன் அடி கேட்டால்தான் எங்களுக்குக் கால் எழும்பும். ட்ரம் பட்டி தோளை உரசிப் புண்ணாக்கும் என்று சட்டைக்குள் கைக்குட்டையை மடித்து வைத்திருப்பான். வகுப்பில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், மேசையில் இரண்டு அடிமட்டங்களும் வேலையைத் தொடங்கிவிடும்.

கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்த பிறகு ஹெவி மெட்டல் என்ற அதிரடி ராக் இசையை எனக்குப் பழக்கியதும் அவன்தான். அதுவரை எனக்கு அது வெறும் இரைச்சல். “பாட்டை விடு, ட்ரம்மை மட்டும் கேள்” என்பான். அப்படிக் கேட்டதுதான் அவெஞ்ச்ட் செவன்ஃபோல்ட். கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் பீச்சில் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் 1999இல் தொடங்கிய குழு. ட்ரம்மர் ஜேம்ஸ் சலிவன்; ‘த ரெவ்’ என்றால்தான் ரசிகர்களுக்குத் தெரியும். அடுத்த இசைத்தொகுப்புக்கான பாட்டுகளை எல்லாரும் சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், 2009 டிசெம்பர் 28ஆம் திகதி அவர் இறந்துபோனார். வயது 28.

குழுவைக் கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். அப்புறம் ட்ரீம் தியேட்டர் குழுவின் மைக் போர்ட்னோய் வந்து ட்ரம் அடித்துக் கொடுத்தார். ரெவ் மிகவும் மதித்த கலைஞர் அவர். 2010 யூலையில் அந்தத் தொகுப்பு ‘நைட்மேர்’ என்ற பெயரில் வெளிவந்து, அமெரிக்காவின் பில்போர்ட் 200 இசைத்தொகுப்புப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதில் ‘சோ ஃபார் அவே’ கித்தார் கலைஞர் சினிஸ்டர் கேட்ஸ் தன் தாத்தாவை நினைத்து எழுதத் தொடங்கிய பாட்டு. கடைசியில் அது நண்பன் ரெவ்வுக்கும் ஆகிவிட்டது.

என்னை உலுக்கியது ‘ஃபிக்‌ஷன்’. ரெவ் கடைசியாக எழுதியது. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்தான் முடித்திருந்தார். மாதிரிப் பதிவில் அவர் பாடி வைத்திருந்த குரலை அவர்கள் நீக்கவில்லை. அதனுடனேயே பாடகர் எம். ஷாடோஸ் தன் குரலையும் சேர்த்தார். முதல் தடவை கேட்டபோது, இருப்பவருடைய குரல் எது, போனவருடைய குரல் எது என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. இதைவிடப் பெரிய அஞ்சலி ஒரு வாத்தியக்காரனுக்கு வேறு என்ன இருக்கிறது?

சில வருடங்களில் என் நண்பனும் மாரடைப்பில் போய்விட்டான். தேவாரம் பாடி வழியனுப்பினோம். அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகமும் அடித்தோம். அவன் படிப்பு, உத்தியோகம், பிள்ளைகள் எல்லாம் அதில் இருந்தன. ட்ரம் பற்றி ஒரு வரி இல்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நம் பாடசாலைச் சங்கத்தின் இந்த மலரிலாவது அது பதிவாக வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்று. எங்கள் காலத்து விளையாட்டுப் போட்டி ஒன்றை யாரோ வீடியோ கசெற்றில் எடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. அது யார் வீட்டில் கிடந்தாலும் சங்கத்துக்கு அறியத்தாருங்கள். படம் பழுதாகியிருந்தாலும் பரவாயில்லை, சத்தம் கேட்டால் போதும். பிரதி எடுக்கும் செலவு என்னுடையது.