போனையே கார்டாக நீட்டிப் பழகியது

கடையில் கார்டு மெஷின்மேல் கார்டுக்குப் பதிலாகப் போனை வைத்தே பணம் கொடுக்கிறேன் என்று திருநெல்வேலியில் சொன்னால் முதலில் வரும் கேள்வி, "அதான் ஜிபே இருக்குல்லா, இது எதுக்குவே?" என்பதுதான். நியாயமான கேள்வி. டவுன் ரத வீதியில் பூ விற்கிற அம்மாகூட க்யூஆர் அட்டை வைத்திருக்கிறார். என் சிக்கல் வேறு. என்னுடையது விசா கிரெடிட் கார்டு. யூபிஐயில் 2022-லிருந்து ரூபே கிரெடிட் கார்டை இணைக்க முடிகிறது, விசாவுக்கு அது கிடையாது. அதனால் நான் க்யூஆரை ஸ்கேன் செய்தால் பணம் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் போகும், மாசக் கடைசியில் அங்கே என்ன இருக்கும்? பர்சில் நசுங்கியே கார்டில் வெடிப்பு விழுந்ததும், சரி, போனுக்குள் ஏற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

போனில் என்எஃப்சி இருக்க வேண்டும், அதாவது மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே அதோடு பேசிக்கொள்ளும் வசதி. விலை குறைந்த போன்கள் பலவற்றில் இருக்காது, செட்டிங்ஸில் தேடினால் தெரிந்துவிடும். என்னுடையது சாம்சங், ஆகவே கார்டை ஏற்றிவைக்க சாம்சங் வாலட் என்ற ஆப். கார்டைக் கேமராவில் காட்டி, ஓடிபி போட்டு, விரல் ரேகை வைத்ததும் ஏறிவிட்டது.

வண்ணார்பேட்டையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பந்தாவாக நீட்டினேன், மெஷின் மறுத்துவிட்டது. வங்கிக்குப் போன் போட்டால் நெடுநேரம் பாட்டு கேட்கவைத்துவிட்டு "பிராஞ்சுக்குப் போங்க சார்" என்றார்கள். பிராஞ்சில் "ஆப்புலயே இருக்கும் சார்". இருந்தது, நாலு மெனுவுக்கு அடியில். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகத் தரும் கார்டுகளில் டேப் வசதி (மெஷின்மேல் வைத்தாலே பணம் போவது) அணைந்தே வரும், வேண்டுமென்றால் நாம்தான் ஆன் செய்ய வேண்டும். இதை வங்கிக்காரர்களே முதல் போனில் சொல்லியிருக்கலாம்.

அடுத்த தடை மெஷின் இல்லை, மனிதர்கள். பாளையங்கோட்டையில் பெட்ரோல் போட்டுவிட்டுப் போனைக் காட்டினேன். பையன் உடனே மெஷினில் யூபிஐயை அமுக்க, திரையில் க்யூஆர் வந்து நின்றது. "ஸ்கேன் பண்ணுங்க அண்ணாச்சி."

"தம்பி, கார்டுல போடு."

"கார்டு எங்க அண்ணாச்சி?"

(பங்கில் போன் பேசக் கூடாதென்று ஒரு போர்டு, அதற்குக் கீழேயே க்யூஆர். இது நம்ம ஊர்.) அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் "கார்டு" என்று மட்டும் சொல்லுவேன், அவர்கள் தொகையை அடித்து மெஷினை நீட்டிய பிறகுதான் போனை வெளியே எடுப்பேன். விரலை வைத்துப் பூட்டைத் திறந்து, போனின் முதுகுப் பக்கத்தை மெஷின்மேல் ஒரு நொடி வைத்தால் போதும். காந்தம் வைத்த கனமான கவர் போட்டிருந்தால் சண்டித்தனம் செய்யும், கழற்றிவிட்டு வையுங்கள். 5000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது, தீபாவளி ஜவுளிக்கு அதைத் தாண்டியபோது மெஷினில் பின் நம்பர் போடச் சொன்னது.

அந்த ஜவுளியில்தான் ஒரு வேடிக்கை. அளவு சரியில்லை என்று ஒரு சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கல்லாவில் இருந்தவர் பில்லில் உள்ள கடைசி நாலு எண்ணையும் என் கார்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இது வேற கார்டுல்லா சார்" என்றார். எனக்கே ஒரு நிமிடம் பகீரென்றது. விஷயம் என்னவென்றால், போனுக்குள் நம் கார்டு எண் இருப்பதில்லை. அதற்குப் பதிலாக வேறொரு எண்ணை உருவாக்கி வைத்திருப்பார்கள், கடைக்குப் போவது அந்த மாற்று எண்தான். கடையிலிருந்து தகவல் திருடு போனாலும் அசல் எண் வெளியே போகாது, எனக்கு இந்த ஏற்பாட்டிலேயே பிடித்தது இதுதான். வாலட்டில் கார்டைத் தொட்டுப் பார்த்தால் மாற்று எண்ணின் கடைசி நாலு இலக்கம் இருக்கும். அதைக் காட்டினேன், பில்லோடு பொருந்தியது. பணமும் அதே கணக்குக்குத் திரும்பியது. பொருளைத் திருப்பும்போது பணம் கொடுத்த அதே போனைக் கையோடு கொண்டுபோங்கள்.

டீக்கடை, காய்கறி மார்க்கெட், டவுன் பஸ் இங்கெல்லாம் இது உதவாது, மெஷினே இருக்காது. அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் போனால் மெஷின் இருந்தும் சிக்னல் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே நிற்கும் கடைகள் உண்டு, அந்தப் பக்கம் போகும்போது சட்டைப்பையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்கிறேன்.