கணக்குப்பிள்ளை வேலை

“மலை ஏறத் தெரிஞ்ச ஆளைக் கணக்குப்பிள்ளையாக்கி உட்கார வச்சுட்டாங்க” என்று என் மனைவி கேலி செய்வாள். ஜீப் பானெட் மேல் ஒரு நோட்டு, சட்டைப் பையில் பென்சில், கையில் டார்ச். ஆள் தேடப் போகும் இரவுகளில் என் வேலை இவ்வளவுதான். தேயிலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை கொழுந்து எடை எழுதுவார். நான் மேலே போன ஆட்களை எழுதுகிறேன். பேனா வைத்துக்கொள்வதில்லை, மழையில் மை கரைந்துவிடும்.

மூணாறு பக்கம் சூரியநெல்லியில் ஜீப் ஓட்டுகிறவர்கள், தோட்டத்துப் பையன்கள், காட்டுக்குள் இருக்கும் குடியிலிருந்து (பழங்குடி ஊர்) வரும் முதுவான் இனத்துப் பெரியவர் ஒருவர், எல்லாம் சேர்த்து 14 பேர். சம்பளம் கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது. கொழுக்குமலை, மீசைப்புலிமலைப் பக்கம் மஞ்சு (மூடுபனி) இறங்கி வழி தவறுகிறவர்களையும் கால் பிசகி உட்கார்ந்துவிடுகிறவர்களையும் கீழே கொண்டு வருவோம். மீசைப்புலிமலை உயரம் 2,640 மீட்டர். வெயில் அடிக்கிறதே என்று அரைக்கை சட்டையோடு ஏறுகிறவர்களுக்கு, ஐந்து மணிக்கு மேல் அங்கே என்ன குளிர் அடிக்கும் என்று தெரியாது.

ஆரம்பத்தில் நானும் கீழே உட்காருகிற ஆள் இல்லை. போன் வந்ததும் முதலில் ஓடுகிறவன் நான்தான். ஒரு ஐப்பசி மாதம் சாயங்காலம் கோயம்புத்தூர்ப் பையன்கள் வந்து நின்றார்கள். கூட வந்தவனைக் காணவில்லை. மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால் ஒருவன் 11 என்றான், கூட்டி வந்த டூர்காரர் 12 என்றார். அங்கேயே நின்று விசாரித்திருக்க வேண்டும். நான் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன். எனக்குப் பின்னால் ஏழு பேர்.

காணாமல் போனவன் வேறொரு ஜீப்பில் இடம் பிடித்து இறங்கி, லாட்ஜில் போர்வை போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தான். போனில் சார்ஜ் இல்லை. ஒன்பதரை மணிக்கே லாட்ஜ்காரருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதை எங்களுக்குச் சொல்லக் கீழே யாரும் இல்லை, எல்லோரும் மேலே. ராத்திரி ஒரு மணிக்கு ஓடைக்கரையில் வழுக்கி எங்கள் ஆள் ஒருவனுக்குக் கணுக்கால் ஒடிந்தது.

ஸ்ட்ரெச்சரை ஆறு பேர் பிடிக்க வேண்டும். அந்த ஒற்றையடிப் பாதையில் ஆறு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவே இடம் இருக்காது. பத்து நிமிஷத்தில் தோள் போய்விடும், மாற்று ஆள் வேண்டும். ஒழுங்காகத் தூக்க 18 பேர் தேவை. நாங்கள் மிச்சம் ஏழு பேர். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. அந்தத் தம்பி மூன்று மாசம் ஜீப் ஓட்டவில்லை; வண்டி டியூவுக்கு நாங்கள் வசூல் பண்ணினோம். அவன் அம்மா என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. சாயா போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் நோட்டு.

எண்ணுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை அதற்கு முன்பே ஒருமுறை கண்ணால் பார்த்திருந்தேன், புத்தியில்தான் ஏறவில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை, அந்த வரிசை வீடுகளை, மூடியது. கரண்டும் இல்லை, போனும் இல்லை. சேதி வெளியே வரவே மறுநாள் காலை ஆகிவிட்டது. நான் மண்வெட்டியோடு போன அன்று, ஒரு அம்மா சேற்றோரம் உட்கார்ந்து விரல் மடக்கிக்கொண்டிருந்தார். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் ஊருக்குப் போயிருந்தார்கள், யார் வீட்டுக்கு விருந்தாள் வந்திருந்தார்கள் என்று. தோட்டத்து மஸ்டரில் வேலைக்காரர்கள் பெயர் இருக்கும். கைக்குழந்தை பெயரும் விருந்தாள் பெயரும் எதில் இருக்கும்? செத்தவர்கள் 70 பேர். அதில் நாலு பேரின் உடல் கிடைக்கவே இல்லை.

இப்போது கீழே நின்று நான் முதலில் கேட்பது, கடைசியாகப் பார்த்தது யார், எங்கே என்பதுதான். அடுத்தது காலில் செருப்பா ஷூவா, சட்டை என்ன நிறம், தீப்பெட்டி வைத்திருக்கிறானா, கூட வந்தவர்களோடு சண்டையா. கடைசிக் கேள்விக்கு முதலில் எல்லோரும் “இல்லண்ணே” என்பார்கள். சாயா குடித்த பிறகு ஒருவன் மட்டும் தனியாக வந்து சொல்வான். வழி தவறியவர்கள் பெரும்பாலும் ஓடையைப் பிடித்து இறங்குவார்கள், தண்ணீர் ஊரில் கொண்டு விடும் என்ற நம்பிக்கையில். இந்த மலையில் ஓடை பாறை விளிம்பில்தான் கொண்டு விடும். அதனால் முதல் கோஷ்டி எப்போதும் ஓடை இறக்கத்துக்கு.

எல்லையில் இருக்கிற தொல்லை வேறு. கொழுக்குமலை தேனி மாவட்டம். அங்கே ஜீப் போகிற பாதை இடுக்கி மாவட்டம். மேலேயிருந்து 112 அடித்தால் எந்த டவர் பிடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் கண்ட்ரோல் ரூம் எடுக்கும். சென்னைப் பையன் பதறிப்போய்க் கூப்பிட, அந்தப் பக்கம் மலையாளத்தில் இடம் கேட்பார்கள். இவன் வைத்துவிடுவான். ஆகவே ரெண்டு பக்கத்துப் போலீஸுக்கும் ரெண்டு பக்கத்து ஃபாரஸ்ட்டுக்கும் நாலு போன் போடாமல் நான் ஆளை ஏற்றுவதில்லை. கால் மணி நேரம் போகும். போகட்டும்.

இந்த வேலையில் ஏறு என்று சொல்ல யாரும் வேண்டாம். ஏறாதே என்று சொல்லத்தான் ஒருவன் வேண்டும். எங்களில் ஒருவன் பாறையில் பல்லி மாதிரி ஏறுவான். சாயங்காலமானால் கொஞ்சம் போட்டிருப்பான். அவனைச் சாயா அடுப்பில் நிறுத்துவேன். ரெண்டு மாசம் முகம் கொடுத்துப் பேசமாட்டான். குளிரில் விறைத்தவனுக்கு ஒரு மூடி பிராந்தி ஊற்றினால் சூடு வரும் என்று அவன் இன்னமும் நம்புகிறான். சூடு வந்த மாதிரி தோன்றும், உள்ளே இருக்கிற சூடு தோல் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். ஈரத் துணியைக் கழற்ற வேண்டும், போர்வை சுற்ற வேண்டும், விழுங்க முடிந்தால் சர்க்கரை போட்ட கட்டன் சாயா. நடுங்குகிறவனைப் பார்த்தால் எனக்குப் பயம் இல்லை. ஆள் இன்னும் குளிரிலேயே கிடக்க நடுக்கம் மட்டும் நின்றுபோனால்தான் பயம்.

தீ என்றால் நாங்கள் போவதில்லை. இதில்தான் பையன்களுக்கும் எனக்கும் சண்டை. 2018 மார்ச் 11, கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணிப் பக்கம் காய்ந்த புல்லில் தீ பிடித்து, மலையேற வந்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஊர்க்காரர்கள் போர்வையில் தூக்கி இறக்கினார்கள். அந்த வருஷமே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. “அன்னிக்கும் இப்படித்தான் கீழ நின்னு எழுதிக்கிட்டு இருந்திருப்பீங்களாண்ணே?” என்று ஒருவன் கேட்டான். தீ மேட்டைப் பார்த்து ஓடும், ஆளைவிட வேகமாக ஓடும் என்றேன். அது அவன் கேட்டதற்குப் பதில் இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மேலே போனவர்கள் திரும்பி வந்ததும் பெயருக்கு நேரே டிக் அடிப்பேன். கண்டெடுத்த ஆள் ஆம்புலன்ஸில் போய், பையன்கள் செல்ஃபி எடுத்து, பரோட்டா ஆர்டர் பண்ணின பிறகும் ஒரு பெயர் மட்டும் மிச்சம் நிற்கும். முதுவான் பெரியவர். அவர் ஜீப்புக்கு வரமாட்டார். வேலை முடிந்ததும் அங்கிருந்தே காட்டுவழியில் குடிக்கு நடந்துவிடுவார். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து வந்தவர்கள் நாங்கள் என்று சொல்கிற ஆளுக்கு என் நோட்டு ஒரு பொருட்டா? பல தடவை சொல்லிப் பார்த்தேன். “நான் எங்க போகப் போறேன் சாமி?” என்பார்.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். குடிக்குத் திரும்புகிற மேட்டில் நின்று ரெண்டு தடவை டார்ச் அடிப்பார். மஞ்சு மூடினால் வெளிச்சம் தெரியாது; அந்த நாட்களில் விசில். சிலசமயம் அதையும் மறந்துவிடுவார். போன வாரம் மூன்றரை மணிவரை எதிர் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையன்கள் ஜீப்புக்குள் தூங்கிவிட்டார்கள். பரோட்டா பார்சல் ஆறிப்போய் எண்ணெய் உறைந்து கிடந்தது. அப்புறம் ஒரே ஒரு தடவை டார்ச் மினுங்கியது. ரெண்டாவதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, பாதி டிக் போட்டு நோட்டை மூடினேன். மறுநாள் பேட்டரி வாங்கி அனுப்பினேன்.