கடலை எண்ணெயில் ஓடிய என்ஜின்

மியூனிக்கில் எங்கள் கீழ்வீட்டு மூதாட்டி நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று விசாரித்தார். டீசல் என்ஜினுக்குள் தீ எப்படிப் பற்றுகிறது என்று பார்க்கிறேன் என்றேன். "அதைத்தான் ஊருக்குள்ளேயே விடுவதில்லையே!" என்று என் கையைப் பிடித்து அனுதாபப்பட்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. 2023 பிப்ரவரி முதல், யூரோ 4 என்ற புகை மாசுத் தரம் வரையிலான பழைய டீசல் வண்டிகளுக்கு நகரின் உள்வட்டத்தில் தடை, விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் சுருக்கென்றது. ருடால்ஃப் டீசல் படித்த ஊராயிற்றே இது! 1897-இல் அவருடைய என்ஜின் சோதனையில் வென்ற ஆக்ஸ்பர்க் பக்கத்தில்தான் இருக்கிறது.

அந்த அம்மையாரை ஒருநாள் ஆய்வகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே ஜன்னல் வைத்த என்ஜின் ஒன்று உண்டு. பிஸ்டன் தலையில் குவார்ட்ஸ், அதற்குக் கீழே 45 பாகை சாய்வில் ஆடி, எதிரே அதிவேகக் கேமரா. டீசல் பீய்ச்சியதும் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. அழுத்தத்தில் கொதித்துக் கிடக்கும் காற்றில் அது ஆவியாகிக் கலக்கிறது. பிறகு மங்கலாக ஒரு நீலம். அடுத்து மஞ்சள் கொழுந்து திமுதிமுவென்று பிஸ்டன் தலையின் கிண்ணக் குழி முழுக்கப் பரவுகிறது. அப்படி ஒளிர்வது கரித்துகள். பெரும்பகுதி உள்ளேயே எரிந்துவிடும், தப்பியதுதான் கரும்புகை. எல்லாம் சில மில்லி விநாடிகளில் முடிந்துபோகும். கரியை ஒழிக்கச் சூட்டைக் கூட்டினால் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுவாயு ஏறுகிறது. அதை அடக்க, வெளியேறும் புகையில் கொஞ்சத்தை உள்ளே திருப்பினால் மறுபடி கரி. இந்த இழுபறிதான் எங்கள் பிழைப்பு. குவார்ட்ஸில் கரி அப்பிக்கொள்வதால் அடிக்கடி நிறுத்தித் துடைக்க வேண்டும். எத்தனை முறை துடைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

குளிர் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடையடைப்பும் பழகிவிட்டது. ஊர் நினைப்பே வருவதில்லை என்று அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சோதனை அறையில் என்ஜின் பிடித்து ஓடத் தொடங்கினால் போதும், ஒரத்தநாட்டு வயலில் நிற்பேன். அப்பா ஒரு கையால் பம்ப்செட் என்ஜினின் அழுத்தத்தை விடுவிக்கும் நெம்புகோலைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் ஹேண்டிலைச் சுற்றுவார். சக்கரம் வேகம் பிடித்ததும் நெம்புகோலை விடுவார். தட், தட், பிறகு தடதடவென்று ஓடும். வாய்க்காலில் தண்ணீர் விழுவதற்குள் புகையைப் பார்த்துவிடுவார். கறுப்பாக வந்தால் சுமை அதிகம் அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. நீலமாக வந்தால் மசகு ஆயில் எரிகிறது. கருவி எதுவுமில்லாமல் அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

போன வாரம் தொலைபேசியில் அவரிடம் ஒரு செய்தி சொன்னேன். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள்.

"கடலை எண்ணெய் விற்கிற விலைக்குக் கட்டுபடியாகுமா?" என்றார். உடனே, "அது கெட்டியாயிற்றே, சரியாகத் தூவாது. நாசிலில் கரி கட்டுமே தம்பி, அதற்கு என்ன செய்தார்கள்?" என்று கேட்டார்.

தாவர எண்ணெய் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பலவும் தொடங்குவது அந்தக் கேள்வியில்தான். அன்று நாங்கள் பேசி முடிக்க வெகு நேரமாயிற்று.