அரங்கப் பொருள் செய்முறைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

நாடகப் படிப்பில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது உடை, நடிகர் கையாளும் பொருள், மேடை அமைப்பு மூன்றையும் நாமே செய்து காட்டும் செய்முறைத் தேர்வுதான். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோடு பக்கத்திலேயே இருப்பதால் நாடகப் பிரதி கைக்கு வந்ததும் துணி வாங்கக் கிளம்பத் தோன்றும். கிளம்பாதீர்கள். முதலில் காட்சிவாரியாக ஒரு அட்டவணை போடுங்கள்: யார் வருகிறார், என்ன உடுத்தியிருக்கிறார், கையில் என்ன, அடுத்த உடை மாற்ற எவ்வளவு நேரம். நடிகர் தொட்டு, தூக்கி, உட்கார்ந்து பயன்படுத்தும் பொருளுக்குத்தான் காசு போக வேண்டும். பின்னால் சும்மா நிற்பதற்கு வேண்டாம்.

துணியை விளக்கில் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். அடர்மஞ்சள் ஒளியில் நீலம் செத்துக் கறுப்பாகிவிடும். அதே ஒளியில் பழைய பாலியஸ்டர் புடவையின் ஜரிகைக் கரை அரச உடைபோல மின்னும். உடை மாற்ற நேரம் குறைவாக இருந்தால் கொக்கி வேண்டாம், வெல்க்ரோ தையுங்கள்.

மேடைப் பின்னணிக்கு ரீப்பர் கட்டையில் (மெல்லிய மரச் சட்டம்) 8 அடிக்கு 4 அடி தட்டி, மேலே காடா துணி (வெளுக்காத முரட்டுப் பருத்தி). மைதா பசையில் சாக்பவுடர் கலந்து ஒரு பூச்சு கொடுத்தால் துணி விறைத்துக்கொள்ளும், அப்புறம் டிஸ்டெம்பர். பசையில் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பூச்சி வராது. கையில் படாமல் கலக்குங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கிழிந்த மீன்வலை கேட்டுப் பாருங்கள். இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் காடு, சிறை, கடல் எதுவாகவும் நிற்கும். எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான். தெர்மாகோல் மீது தின்னர் கலந்த பெயின்ட் அடித்தால் கரைந்துபோகும். ஹாலோஜன் விளக்குக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

கிரீடம் செய்யும் முன் ஒரு தெருக்கூத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தோளில் கட்டும் புஜக்கட்டையும் கிரீடமும் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில் பதித்தவை. விடிய விடிய ஆடவும் முடிகிறது, கடைசி வரிசைக்கும் தெரிகிறது. அட்டையில் செய்தாலும் இந்த இரண்டும் இருக்க வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் அழகைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. ‘இந்த நாற்காலி ஏன் இங்கே?’, ‘மொத்தமும் ஒரே குட்டியானையில் (சின்னச் சரக்கு வண்டி) ஏறுமா?’ என்றுதான் கேட்டார்கள். அட்டவணை, அளவு போட்ட தரைப்படம், ரசீது ஒட்டிய நோட்டு, துணித் துண்டு மாதிரிகள் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டுப் பேசுங்கள்.