ஊரிலிருந்து வந்த சித்தி

2005-இல் நான் காசநோய்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டைப்பெட்டி உண்டு. சிகிச்சை முடியும்வரை தேவைப்படும் மாத்திரை முழுவதும் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கும். புதிதாக வருபவர்களுக்குச் சிவப்புப் பெட்டி, முன்பே ஒருமுறை மருந்து சாப்பிட்டவர்களுக்கு நீலப் பெட்டி. மேலே பேனாவால் பெயரும் பதிவு எண்ணும் எழுதுவோம். பெயர் எழுதிவிட்டால் அது அந்த ஆளுக்கு மட்டும்தான். "மருந்து ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வா" என்று யாரையும் பாதி வழியில் திருப்பி அனுப்பும் நிலை வரக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது.

அந்தப் பெட்டிகளை எனக்கு மிகவும் பிடிக்கும். பாதியில் திரும்பி வரும் பெட்டிகளைப் பார்க்கத்தான் மனசு தாங்காது. யாராவது சிகிச்சையை விட்டுவிட்டால், மீதி மாத்திரையோடு பெட்டி எங்கள் அலமாரிக்கு வந்து சேரும். பிறகு மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். மீதியை வைத்து இன்னொருவருக்குப் புதுப் பெட்டி கட்டுவார்கள். பழைய பெயர் போய்விடும். பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேராக 'டிஃபால்டர்' என்று எழுதுவோம். வாங்கிய கடனைக் கட்டாதவரைச் சொல்கிற அதே சொல். காரணம் என்ற கட்டத்தில் 'இடம் மாறிவிட்டார்', 'மருந்து சாப்பிட மறுக்கிறார்' என்று என் கையால் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அவர் வரவில்லை என்பதை ஓர் உயிரும் கவனிக்கவில்லை என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

எனக்குக் கொடுத்த பகுதி திருப்பூரில், பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு பக்கம். தெருவெல்லாம் லைன் வீடுகள். ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு கதவுகள், எல்லோருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். இராமநாதபுரம், தேனி என்று தெற்கிலிருந்து வந்தவர்கள், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள். இங்கே நாளை ஷிப்டால் கணக்கிடுவார்கள்; சனிக்கிழமை சம்பளம். இருமல் வந்தால் "பஞ்சுத் தூசி மேடம்" என்பார்கள். மாதக்கணக்கில் பஞ்சு என்றே சொல்லிக்கொண்டு, எடை பத்துக் கிலோ குறைந்த பிறகு சளிப் பரிசோதனைக்கு வருவார்கள்.

மருந்தை வாரத்தில் மூன்று நாள், ஒருவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்பது அன்றைய முறை. அந்த ஒருவர் அங்கன்வாடி டீச்சராக இருக்கலாம், பெட்டிக்கடைக்காரராக இருக்கலாம், நோயாளியின் வீட்டு ஆளாக மட்டும் இருக்கக் கூடாது. என் பகுதியில் அப்படி ஒருவர், இஸ்திரி வண்டிக்காரர். வயது அறுபது இருக்கும். இளவயதில் அவருக்கே இந்த நோய் வந்து குணமானது. முதல் வாரம் பெட்டிகளை வண்டிக்குக் கீழே கரி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும் என்று சொல்லி வீட்டுக்குள் இருந்த மர பீரோவுக்கு மாற்றச் சொன்னேன். தன் வெள்ளை வேட்டிகளை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு அந்தத் தட்டைப் பெட்டிகளுக்குக் கொடுத்தார்.

காலை ஏழரை மணிக்குக் கம்பெனிக்குப் போகிற வழியில் நோயாளிகள் அவரிடம் வருவார்கள். சொம்பில் தண்ணீர் இருக்கும். "சாப்ட்டியா?" என்பார். இல்லை என்றால் வீட்டுக்குள் குரல் கொடுப்பார்; இரண்டு இட்லி வரும். முதல் இரண்டு மாதம் முடிந்த பிறகு, வாரத்தில் முதல் நாள் மாத்திரையை அவர் முன்னால் விழுங்கினால் போதும், மற்ற இரண்டு நாளுக்கு வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது விதி. அவரிடம் அந்த விதியைச் சொன்னேன். தலையாட்டினார். ஆனால் அவருடைய ஆட்கள் மூன்று நாளும் வந்துகொண்டே இருந்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அவர் பகுதியிலிருந்து பாதிப் பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நான்கு ஆண்டு கழித்துத்தான் எப்படி என்று கேட்டேன். "வராட்டி நான் பெட்டிய அமத்தி வெச்சுப்போட்டுப் போயிருவனுங்க அம்மிணி" என்றார். அதாவது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பாதி மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு, வராத ஆளின் வீட்டுக்கே போய்விடுவார். அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. நான் கொடுத்த அட்டையில் டிக் போட்டது போக, அவராக எழுதி வைத்தவை அதில் இருந்தன. 'செக்கிங்லிருந்து கட்டிங் மாத்திட்டாங்க.' 'அம்மாவுக்குக் கண் ஆபரேசன், வியாழன் ஊருக்கு.' 'இன்னிக்குப் பேசல.' அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் மறுநாள் தேதி போட்டு, 'பேசினான்' என்று இருந்தது. பதினைந்து வருடம் நான் நிரப்பிய எந்தப் படிவத்தையும்விட அந்த நோட்டு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இன்றும் தெரிகிறது.

எல்லோருக்கும் இஸ்திரி வண்டிக்காரர் கிடைக்க மாட்டார். இராமநாதபுரத்துப் பையன் ஒருவன், இருபத்திரண்டு வயது, ஓவர்லாக் தைப்பவன். அவன் இருந்த லைன் வீட்டுக்கு நான் முதல்முறை போனபோது வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டான். "மேடம், வண்டியத் தெருமுக்குல நிப்பாட்டிட்டு வாங்க. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிரும்." அவன் பயந்ததில் தப்பில்லை. தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்பட்டு, பிறகு பாயும் தனியாகி, கடைசியில் ஆளே தனியாகிப்போன வீடுகள் எனக்குத் தெரியும். இந்த நோய் இருமல் வழியாகக் காற்றில் பரவுவது. தட்டு, டம்ளரால் பரவாது. சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பரவும் தன்மையும் பெரும்பாலும் போய்விடும். இதை ஆயிரம் வீடுகளில் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் நான் வேலையிலிருந்து வந்தால் குளித்த பிறகுதான் என் குழந்தையைத் தூக்கலாம் என்று என் வீட்டிலேயே ஒரு வழக்கம் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாளியில் தண்ணீர் தயாராக இருக்கும்.

அன்று அந்தப் பையனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரம்மா வந்துவிட்டார். யார் என்று கேட்டார். அவன் யோசிக்கவே இல்லை. "ஊர்லருந்து சித்தி வந்திருக்காக" என்றான்.

அதிலிருந்து நான் சித்தி. அறையில் இருந்த மற்ற மூன்று பையன்களையும் மெதுவாகப் பேசிப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். மூவருக்கும் நோய் இல்லை. ஊர்க்காரப் பையன்கள், விஷயத்தை வெளியே விடவில்லை. நான் சித்தி என்பதால் சும்மா கையை வீசிக்கொண்டு போக முடியவில்லை. ஒரு நாள் முறுக்கு, ஒரு நாள் இரண்டு மாம்பழம். மாத்திரை சாப்பிட்டதும் சிறுநீர் சிவந்து போவதைப் பார்த்துப் பயந்து, இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்தான். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், ஒன்றும் ஆகாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். மறந்திருக்கிறான். அதன் பிறகு தன் தங்கையின் பரீட்சை மார்க்கைப் பற்றி அரைமணி நேரம் பேசினான். சிவப்பு நிறத்துக்காக மட்டும் கூப்பிட்டிருக்க மாட்டான் என்று எனக்குப் புரிந்தது.

பயிற்சி வகுப்பில் எங்களுக்கு ஒரு சென்னை ஆய்வைச் சொல்லிக்கொடுத்தார்கள். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கியது. அதுவரை காசநோய் என்றால் சானடோரியம்தான், அதாவது தங்கிச் சிகிச்சை பெறும் காசநோய் ஆஸ்பத்திரி. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆய்வில் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும் மறுபாதியினரை நெரிசலான அவர்கள் வீட்டிலேயும் வைத்து, இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, வேலை அதிகம். ஆனாலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றியது.

குணமாக்கியது மருந்துதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் அந்த ஆய்வில் மனதைப் பறிகொடுத்த இடம் வேறு. அந்த வீடுகளுக்குத் தொடர்ந்து ஆள் போயிருக்கிறார்கள். சொல்லாமல் போய் மாத்திரையை எண்ணியிருக்கிறார்கள். கண்காணிப்பு என்றுதான் அதற்குப் பெயர். ஆனால் கதவைத் தட்டி உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்த பிறகு அது வெறும் எண்ணிக்கையாக எப்படி நிற்கும்? என்னால் அப்படி நிறுத்த முடிந்ததே இல்லை.

2017-க்குப் பிறகு தினசரி மாத்திரை வந்தது. பெட்டி போய் மாத்திரை அட்டைகள் வந்தன. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் பின்னால் ஓர் எண் தெரியும். அந்த எண்ணைக் கூப்பிட்டால், கட்டணம் இல்லை, இன்றைக்குச் சாப்பிட்டதாக எங்கள் திரையில் பதிவாகும். பலருக்கு இது பெரிய விடுதலை. நான் வீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்று நடுங்கிய பெண்கள் நிம்மதியாக மருந்து சாப்பிட்டு முடித்தார்கள். 2018 ஏப்ரலிலிருந்து சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வந்தது. இவை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

அந்த ஆண்டுதான் என் பகுதி இரண்டு மடங்கானது. நிட்டிங் மிஷின் ஓட்டும் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், மனைவி இல்லை, மகன் பேசுவதில்லை. முதல் மாதம் அடிக்கடி போய்ப் பார்த்தேன். பிறகு திரையைப் பார்த்தேன். ஒரு நாள்கூட விடாமல் அழைப்பு வந்துகொண்டிருந்தது. நல்ல நோயாளி என்று நினைத்து, வராதவர்களைத் தேடிப் போய்க்கொண்டிருந்தேன். சளிப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் நைட் ஷிப்ட் என்று தள்ளிப்போட்டார், நானும் விட்டுவிட்டேன். நான்காம் மாதம் போனபோது ஆள் எலும்பாக இருந்தார். குமட்டுகிறது என்று இரண்டாம் மாதமே மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். தினமும் பிதுக்கி, எண்ணைக் கூப்பிட்டு, மாத்திரையை எறிந்திருக்கிறார்.

என்னிடம் சொல்லியிருக்கலாமே அண்ணா என்றேன். குமட்டலுக்கு வழி இருந்தது. அவர் என்னைக் குற்றம் சொல்லும் குரலில் பேசவில்லை. "பணம் வந்துச்சு மேடம். மெசேஜ் வந்துச்சு. நீங்கதான் வரல" என்றார்.

நோய் மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறியிருந்தது. மறு சிகிச்சை தொடங்கினோம். தினமும் போனேன். அடுத்த ஆடி மாதம் இறந்துபோனார். அவருடைய அட்டையை நான் மறக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டதாகத் திரையில் பச்சையாக இருந்த அத்தனை நாட்களையும் மறக்கவில்லை.

அந்தச் சாவுக்குப் பிறகு ஒரு நோட்டு வாங்கினேன். சாதாரண நாற்பது பக்க நோட்டு. இஸ்திரி வண்டிக்காரர் எழுதியது போல எழுத ஆரம்பித்தேன்.

இராமநாதபுரத்துப் பையனைப் பற்றிப் பாதியில் விட்டுவிட்டேன். அவன் ஆறு மாதமும் ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தான். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. அதைச் சொல்லத்தான் போனேன். அவன் ஷிப்ட் முடிந்து வரவில்லை. வீட்டுக்காரம்மா திண்ணையில் இருந்தார். உட்காரச் சொல்லி மோர் கொண்டுவந்தார்.

"பையன் இப்பத் தேறிட்டானுங்களா அம்மிணி?" என்றார்.

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"எந்த ஊர்ச் சித்திங்க ஆறு மாசமா வாரம் தவறாம வருவா? எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. எங்க அப்பாருக்கு இருந்ததுதான். அவன் பயந்துக்குவான்னு கேக்கல." பையனுக்குத் தினமும் ஒரு முட்டை அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது அவர்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோழி நிறைய முட்டை போடுகிறது, வீணாகப் போகிறது என்று சொல்லிக் கொடுப்பாராம். அந்த வளவில் நான் ஒரு கோழியைக்கூடப் பார்த்ததில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். குரலைத் தாழ்த்தினார். "மருமகளுக்கு ரெண்டு வாரத்துக்கு மேல இருமலுங்க. டப்பா இருந்தா ஒண்ணு குடுத்துட்டுப் போறீங்களா?"

பையிலிருந்து இரண்டு டப்பா எடுத்துக் கொடுத்தேன். ஒன்று இப்போது, ஒன்று நாளைக் காலை எழுந்ததும். வாயைக் கொப்பளித்துவிட்டு, நன்றாக மூச்சை இழுத்து, ஆழத்திலிருந்து இருமித் துப்ப வேண்டும், எச்சில் போதாது. மூடியை இறுக்கி மூடி வையுங்கள், நாளை எட்டு மணிக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"வண்டியத் தெருமுக்குல நிறுத்த வேண்டாமுங்க" என்றார்.