13 வருஷம் கழிச்சு பத்தாவது பயாலஜி

நான் ப்ளஸ் டூல காமர்ஸ் குரூப். பயாலஜியை கடைசியா தொட்டது பத்தாவதுல, அதுக்கப்புறம் 13 வருஷம் ஓடிப்போச்சு. இப்போ டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 பரீட்சைக்கு படிக்கறதால ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் சமச்சீர் அறிவியல் புக் எல்லாத்தையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிடுச்சு. முதல் மாடல் டெஸ்ட்ல உயிரியல்ல வந்தது 14 கேள்வி, எனக்கு சரியா வந்தது 5. அன்னைக்கு ராத்திரி சாப்பாடே இறங்கல.

அடுத்த ஒரு மாசம் ஒன்லைனர் நோட்ஸை வச்சு உருப்போட்டேன். தமனின்னா சுத்த ரத்தம், சிரைன்னா அசுத்த ரத்தம், இப்படி. அடுத்த டெஸ்ட்ல நுரையீரல் தமனில என்ன ரத்தம் போகுதுன்னு கேட்டுட்டாங்க, நான் யோசிக்காம ஆக்சிஜன் நிறைஞ்சதுன்னு போட்டேன், தப்பு. புக்கை திருப்பிப் பார்த்தா இதயத்துல இருந்து வெளிய எடுத்துட்டுப் போனா தமனி, இதயத்துக்குக் கொண்டு வந்தா சிரை, அவ்ளோதான், ரத்தம் எப்படி இருக்குங்கறதை வச்சு பேர் வைக்கல. நுரையீரலுக்குப் போறது ஆக்சிஜன் ஏத்திக்கத்தானே போகுது, அதுல எப்படி ஏற்கனவே ஆக்சிஜன் நிறைஞ்சிருக்கும்? இந்த ஒரு கேள்வியை நான் கேட்டுக்கவே இல்ல.

அந்த ஞாயித்துக்கிழமை கறிக்கடைல அண்ணன்கிட்ட ஆட்டு இதயம் ஒண்ணு வெட்டாம முழுசா குடுங்கன்னு வாங்கிட்டு வந்தேன். அம்மா திட்டிட்டே இருந்தாங்க, நான் அரிவாள்மணைல வச்சு நெடுக்க பிளந்தேன். இடது வெண்ட்ரிக்கிள், அதாவது கீழறை, அதோட சுவர் என் சுண்டு விரல் தடிமன் இருந்துச்சு, வலது பக்கம் அதுல பாதி கூட இல்ல, அமுக்கினா மடங்குது. வலது பக்கம் பக்கத்துல இருக்கற நுரையீரலுக்குத் தள்ளினா போதும், இடது பக்கம் உச்சந்தலைல இருந்து உள்ளங்கால் வரைக்கும் தள்ளணும், அதான் அவ்ளோ தசை. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல இருக்கற ஈரிதழ் வால்வுல வெள்ளை வெள்ளையா நூல் மாதிரி இழுத்துக் கட்டியிருக்கு, விரலால இழுத்துப் பார்த்தேன், அறுகவே இல்ல. ரத்தம் அழுத்தும்போது வால்வு ஏட்ரியம், அதாவது மேலறை பக்கம் புரண்டு போயிடாம அதான் பிடிச்சு வைக்குது. அதுக்கப்புறம் சுற்றோட்ட மண்டலத்துல எந்தக் கேள்வியை எப்படி மாத்திக் கேட்டாலும் அந்த அரிவாள்மணைதான் கண்ணு முன்னாடி வருது.

மரபியல் இதை விட கஷ்டப்படுத்துச்சு. நெட்டை பட்டாணிச் செடியையும் குட்டையையும் கலந்தா முதல் தலைமுறைல எல்லாமே நெட்டை, ரெண்டாவதுல 3:1, இது தெரியும், ஏன்னு தெரியாது. ஒவ்வொரு செடிக்கும் ரெண்டு பெற்றோர்கிட்ட இருந்தும் ஆளுக்கு ஒண்ணா ரெண்டு மரபணு வருது, அதனால ஒரு நாள் ரெண்டு நாணயத்தை எடுத்து ஒண்ணா சுண்டினேன். தலை ஓங்கு பண்பு, அதாவது ஒண்ணு இருந்தாலே வெளிய தெரியறது, பூ ஒடுங்கு பண்பு, ரெண்டு இருந்தாதான் தெரியறது, ஒரு தலை விழுந்தாலும் நெட்டை, ரெண்டும் பூவா விழுந்தாதான் குட்டை. 40 தடவை சுண்டினதுல 12 தடவை ரெண்டும் பூ. 10 வரணுமே, எங்கயோ தப்பு பண்றோம்னு நினைச்சேன், அப்புறம் தேடிப் பார்த்தா இந்தப் பட்டாணிச் சோதனையை செஞ்ச மெண்டலுக்கே 1064 செடில 787 நெட்டை, 277 குட்டைதான் வந்திருக்கு, அச்சு அசலா 3:1 இல்ல. நிறைய எண்ண எண்ண 3:1 கிட்ட போகும், அவர் அவ்ளோ செடியை உக்காந்து எண்ணினதாலதான் அது அவர் கண்ணுல பட்டிருக்கு. அவர் கட்டுரை 1866-ல அச்சாகி, 1900 வரைக்கும் பெருசா யாரும் கண்டுக்கல, நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

எங்க அப்பா ஏ குரூப், அம்மா பி, நான் ஓ. சின்ன வயசுல சொந்தக்காரங்க இதை வச்சு கிண்டல் பண்ணுவாங்க, நானும் உள்ளுக்குள்ள குழம்பியிருக்கேன். ரெண்டு பேர்கிட்டயும் ஒடுங்கின ஓ ஒண்ணு ஒளிஞ்சிருந்து ரெண்டும் எனக்கு வந்திருக்கு, பூவும் பூவும் விழுந்த மாதிரி. நோட்டுல கட்டம் போட்டு அம்மாகிட்ட காட்டினேன், ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு இருந்தாங்க.

வைட்டமின் குறைபாட்டு நோய்களுக்கெல்லாம் இந்த வழி ஒத்துவரல, அதை மனப்பாடம்தான் பண்ணணும், தினமும் காலைல பத்து நிமிஷம் எழுதிப் பார்க்கறேன். போன வார டெஸ்ட்ல 14-க்கு 11. விட்ட மூணும் ஹார்மோன், நாளைக்கு அந்தப் பாடத்தைத்தான் எடுக்கப் போறேன்.