வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பல் வைத்தியம்

எங்கள் மகனை வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுகிறோம். எட்டு வயது முடிந்துவிட்டது. ஆட்டிசம், கூடவே வலிப்பும் உண்டு. பேச்சு வரவில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவான், சில படங்களைத் தொட்டுச் சொல்வான். போன வருடம் மழைக்காலத்தில் திடீரென்று தன் இடது கன்னத்தில் தானே குத்திக்கொள்ள ஆரம்பித்தான். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து அழுவான். ஆசையாகச் சாப்பிடும் முறுகல் தோசையைத் தொடவே இல்லை. ஆறிப்போன தயிர்சாதம் மட்டும் இறங்கியது.

நாங்கள் வழக்கமாகப் போகும் இடத்தில் காட்டினோம். "ஆட்டிசம் இருக்கிற குழந்தைங்க தன்னை அடிச்சுக்கும்மா, பிஹேவியர்தான்" என்றார்கள். தூக்கத்துக்கும் கோபத்துக்கும் கொடுக்கிற மருந்தின் அளவை ஏற்றிப் பார்க்கலாம் என்று எழுதினார்கள். வாயைத் திறந்து பார்க்கவில்லை, வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. இதே அழுகையோடு பேசத் தெரிந்த ஒரு பிள்ளை வந்திருந்தால் "எங்கடா வலிக்குது?" என்றுதான் முதல் கேள்வி வந்திருக்கும். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இந்தப் பிள்ளைகளுக்குக் காதுவலி வரும், பல்வலி வரும், வயிறு உப்பும். எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிட்டால் அந்த வலியை யார் பார்ப்பது?

மருந்தை ஏற்றாமல் இன்னொரு குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் செய்ததை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் டாக்டரிடம் நீங்களும் இதைக் கேட்கலாம். "நடத்தை மாறினா முதல்ல உடம்பைப் பார்ப்போம்மா" என்று சொல்லித் தலையிலிருந்து ஆரம்பித்தார். தம்பியை என் மடியில் பக்கவாட்டில் உட்கார வைத்து, அவன் தலையை என் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னார். காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. தொண்டை, கழுத்து, கை கால் எலும்புகள், தோல், சிறுநீர் போகும் விதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். வயிற்றை அழுத்தியபோது இடது பக்கம் அடியில் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. மலம் இறுகிக் கிடந்தது. ஜட்டியில் அவ்வப்போது தண்ணீர் மாதிரி கறை படுவதை நான் சொன்னதும், இறுகிய மலத்தைச் சுற்றிக் கசிவது அது, வயிற்றுப்போக்கு இல்லை என்று விளக்கினார். மலத்தை இளக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர் கொடுத்து, சாப்பிட்டு முடித்ததும் தினமும் டாய்லெட்டில் உட்கார வைக்கச் சொன்னார். அந்தப் பிரச்சினை சில வாரங்களில் சரியானது.

ஆனால் கன்னத்தில் குத்துவது நிற்கவில்லை. வாய்க்குள் டார்ச் அடிக்க அவன் விடவே இல்லை. அப்போது அவர் ஒரு வழி சொன்னார். தம்பியின் எடைக்குத் தகுந்த அளவில் பாராசிட்டமால் எழுதிக் கொடுத்து, குத்திக்கொள்ளும் நேரத்தில் கொடுத்துவிட்டு அடுத்த சில மணி நேரம் அவன் எப்படி இருக்கிறான் என்று குறித்துவரச் சொன்னார். வலி மாத்திரைக்கு அடங்கினால் வலியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். அடங்கினான். தோசையைக்கூட வலது பக்கமாக மென்றான். அந்தக் குறிப்பைப் பார்த்ததும், குழந்தைகளுக்கான பல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அவரே கடிதம் கொடுத்தார்.

இங்கே ஒரு விஷயம். 2013இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்டிரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்கிற குழந்தைகள் நலத் திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கவேண்டிய நோய்களின் பட்டியலில் பல் நோயும் இருக்கிறது. அதன் கீழ் மாவட்டத்தில் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்தின் குழுவில் பல் மருத்துவருக்கும் இடம் உண்டு. தெரபிக்கு மட்டும்தான் அந்த மையம் என்று பல பெற்றோர் நினைத்திருக்கிறார்கள். அங்கே போகும்போது பல்லையும் காது கண்ணையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் போன பல் கிளினிக்கில், "நாலு பேர் கையைக் காலைப் பிடிச்சுக்கிட்டா அஞ்சு நிமிஷத்துல எடுத்துடலாம்" என்றார்கள். நானும் அவன் அப்பாவும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை அப்படிப் பிடித்து அழுத்திவிட்டால் அதற்கப்புறம் எந்த வெள்ளை கோட்டையும் அவன் பக்கத்தில் விடமாட்டான். அவனுக்கு இன்னும் எத்தனை வருடம் டாக்டர் தேவைப்படும்!

அதனால் சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்த இளம் டாக்டர் முதல் நாள் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. நாற்காலி, விளக்கு, கண்ணாடி ஆகியவற்றைப் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் அதை வரிசையாக அட்டையில் ஒட்டித் தினமும் காட்டினேன். அடுத்த முறை நாற்காலியில் உட்கார்ந்தான். சின்னக் கண்ணாடியை முதலில் என் வாயில் வைத்துக் காட்டி, அப்புறம் அவன் விரலில் தொட்டு, அப்புறம்தான் அவன் பல்லில் வைத்தார். சொல்லிக் காட்டிச் செய்வது என்று அதற்குப் பெயராம். ரோந்து விளக்கு மாதிரி கண்ணில் அடிக்கும் அந்த லைட்டுக்காக அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டோம். எச்சிலை உறிஞ்சும் குழாயின் சத்தம் அவனுக்குப் பிடிக்காது என்று சொன்னதும் அதை அணைத்து வைத்தார்கள்.

சில நொடிகள்தான் வாயைத் திறந்தான். அதுவே போதுமாக இருந்தது. கீழே இடது பக்கம் ஒரு பால் கடைவாய்ப் பல் முழுக்கச் சொத்தையாகி ஈறில் சீழ் கோத்திருந்தது. அதற்கு அடுத்த பல்லிலும் குழி. அந்த அடுத்த பல் நிரந்தரப் பல் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆறு வயதுவாக்கில் பால் பற்களுக்குப் பின்னால் முளைப்பது அது. எந்தப் பல்லும் விழாமலேயே வருவதால் அதையும் பால் பல் என்றே எடுத்துக்கொள்கிறோம். அது போனால் மறுபடி முளைக்காது. சொத்தைக்குக் காரணமாக டாக்டர் முதலில் கேட்டது ராத்திரி வலிப்பு மருந்தைப் பற்றி. இனிப்பான சிரப்பைக் கொடுத்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் தூங்க வைத்தால் ராத்திரி முழுக்க சர்க்கரை பல்லில் இருக்கும். மருந்து எழுதுகிறவர்கள் யாரும் அதுவரை எங்களிடம் இதைச் சொன்னதில்லை.

எக்ஸ்ரேக்கு அசையாமல் நிற்கமாட்டான், ஊசி போட்டு ஒவ்வொரு பல்லாகப் பார்க்கவும் முடியாது. முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எல்லாப் பல்லையும் பார்த்துவிடலாம் என்று முடிவானது. சீழுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மயக்க மருந்து என்றதும் மாமியார் பயந்துபோனார். எனக்கும் பயம்தான். ஆனால் சீழோடு விட்டுவிடுவது அதைவிட மோசம் என்று டாக்டர் பொறுமையாகப் புரியவைத்தார்.

இரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் கிரீமைத் தடவி மேலே பிளாஸ்டர் ஒட்டிவிடலாம். கேட்டால் எழுதிக் கொடுக்கிறார்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. தம்பி சாப்பிடும் வால்ப்ரோயேட் என்கிற வலிப்பு மருந்து, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் அதைத் தனியாகப் பார்த்தார்கள். அனஸ்தீசியா டாக்டர் சளி, இருமல், ஆடும் பல், கடைசியாக வலிப்பு வந்த நாள் எல்லாம் கேட்டார். சளி இருந்தால் தள்ளிப்போடுவார்கள். எங்களுக்கும் ஒருமுறை தள்ளிப்போனது.

நாங்கள் கேட்டு வாங்கிய முக்கியமான விஷயம், அன்றைய பட்டியலில் முதல் ஆளாக வைக்கச் சொன்னது. சாப்பாட்டை 6 மணி நேரத்துக்கு முன்னும், வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்னும் நிறுத்தவேண்டும். ஏன் பட்டினி என்று புரியாத பிள்ளையை மதியம் வரை காக்க வைக்க முடியாது. காலை வலிப்பு மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொன்னார்கள். அதை எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீரில் கொடுப்பது என்று எழுதியே வாங்கிக்கொண்டேன்.

அன்று காலை மிடசோலம் மருந்தைக் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார்கள். அரை மயக்கத்தில் என் தோளில் சாய்ந்தவனைத் தியேட்டருக்குள் நானே தூக்கிப் போனேன். மாஸ்க் வைத்து அவன் தூங்கும்வரை என்னை நிற்க விட்டார்கள். தூங்கிய பிறகுதான் கையில் ஊசி ஏற்றினார்கள். பல் வேலைக்கு வாய் காலியாக இருக்கவேண்டும் என்பதால் சுவாசக் குழாயை மூக்கு வழியாகப் போடுவார்கள், முடிந்ததும் மூக்கில் கொஞ்சம் இரத்தம் தெரியலாம், பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் அதைப் பார்த்ததும் நான் கத்தியிருப்பேன். சீழ் பிடித்த பல்லை எடுத்தார்கள், நிரந்தரப் பல்லின் குழியை அடைத்தார்கள், இன்னும் சில பால் பற்களுக்கு ஸ்டீல் தொப்பி போட்டார்கள், மற்ற பற்களுக்கு ஃபுளோரைடு பூசினார்கள்.

அவன் கண் திறக்கும் முன்பே என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அங்கே இருந்த நர்ஸ் கேட்ட கேள்வியை மறக்கவே முடியாது. "அக்கா, வலி வந்தா இவன் என்ன பண்ணுவான்?" முகம், கால், அசைவு, அழுகை, சமாதானமாவது ஆகிய ஐந்துக்கும் தலா இரண்டு வரை மதிப்பெண் போட்டு வலியை அளக்கும் ஒரு அட்டவணை அவர் கையில் இருந்தது. ஊனமுள்ள குழந்தைகளுக்கு அதில் பெற்றோர் சொல்லும் அடையாளங்களையும் சேர்த்துக்கொள்ளலாமாம். தம்பி வலித்தால் வலது கட்டைவிரலை மடக்கிக்கொள்வான், முனகலில் தாளம் மாறும், தலையை ஒரு பக்கமாகத் தேய்ப்பான் என்று சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இத்தனை வருடத்தில் ஒரு மருத்துவமனையில் அதை யாராவது கேட்டது அதுவே முதல் தடவை.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு. 25ஆம் பிரிவு மருத்துவமனையில் கவனிப்பிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை தரவேண்டும் என்கிறது. ஓ.பி. வரிசையில் யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டி அந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்டேன். சில இடத்தில் உடனே விட்டார்கள், சில இடத்தில் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. மத்திய அரசின் அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை. பணத்தை முதலில் நாம் கட்டிவிட்டு, பில்களை அனுப்பித் திரும்ப வாங்கவேண்டும். அதனால் மருந்துக்கடை ரசீது உட்பட ஒன்றையும் தொலைக்காதீர்கள். காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்கும் தேதியையும் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

கன்னத்தில் குத்துவது ஒரு வாரத்துக்குள் நின்றது. ஏற்றச் சொன்ன மருந்து தேவைப்படவே இல்லை. ராத்திரி சிரப் கொடுத்ததும் தண்ணீர் குடிக்க வைத்து, ஃபுளோரைடு பேஸ்ட்டால் துலக்கிவிடுகிறோம். தலையை என் மடியில் வைத்துப் பின்னாலிருந்து துலக்கினால் விடுகிறான், எதிரில் நின்றால் விடமாட்டான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இளம் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

நர்ஸிடம் சொன்ன வலி அடையாளங்களை ஒரு தாளில் எழுதி, மருந்துகளின் பெயர், அளவு, பிடிக்காத சத்தங்கள் ஆகியவற்றையும் சேர்த்து ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ஓ.பி. சீட்டோடு அதையும் நீட்டுகிறேன். பள்ளியில் மிஸ்ஸிடம் ஒன்று, அம்மா வீட்டில் ஒன்று இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கும் எழுதுங்கள். வலிக்கும்போது என்ன செய்வான் என்பதை முதல் வரியில் போடுங்கள், மருந்துப் பட்டியல் அதற்குக் கீழே வரட்டும்.